கிளிக்கு ஏது பூட்டு

பூர்ணிமாவுக்குப் பேய் பயம் கிடையாது. பாம்பு பயமும் கிடையாது. மாமியார் பயம் கல்யாணமான புதுசில் கொஞ்ச நாள் இருந்து, ரெண்டு பேருக்குமே அலுத்துப்போய் நின்றுவிட்டது. உலகத்தில் அவள் பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். பேஸ்டிங் லைன்.

மாதனூர் தாண்டி ஹைவே ஓரம் இருக்கிற அந்த ஷூ கம்பெனியில், மேல்தோலுக்கும் சோலுக்கும் பசை தடவி ஒட்டுகிற இடம் அது. அந்தப் பசை வாடையை வெளியாளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அந்தக் கூரைக்கு மேலே பறக்கிற காக்கா வாணியம்பாடிக்குப் போகவேண்டியது, தலை சுற்றி ஆற்காட்டில் இறங்கி அட்ரஸ் கேட்கும். மல்லிகைப் பூ வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தவள் சாயங்காலம் சைக்கிள் ட்யூப் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள். பூர்ணிமா அங்கே பிரஷ் பிடித்த காலத்தில் அவளுக்கு வந்த தலைவலி, கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரிக்கும் தொற்றிக்கொள்ளும். தலைவலியோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. மூச்சு இழுப்பு வந்தது. மார்பில் குழாய் வைத்துப் பார்த்த டாக்டர், "இந்த நெஞ்சை இன்னொரு தடவை அந்த வாடையில கொண்டு போய் நிறுத்தாதம்மா, திரும்பி வராது" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவர் சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் அவள் மறந்திருப்பாள். சாதாரணமாகச் சொன்னதால்தான் அது உள்ளே இறங்கி உட்கார்ந்துகொண்டது.

அந்த நேரத்தில்தான் பேக்கிங் பகுதிக்கு ஒரு புதுக் கருவி வந்தது. பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படித்தவள் என்று யாரோ அவள் பெயரைச் சொல்ல, பூர்ணிமா பசையிலிருந்து தப்பித்து அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே வந்து சேர்ந்தாள்.

மஞ்சள் ரப்பர் சட்டை போட்ட, கைக்கு அடக்கமான கருவி அது. துப்பாக்கி மாதிரி பிடி, சின்னத் திரை, மூக்கில் சிவப்பு வெளிச்சம். ஷூ டப்பாவில் இருக்கிற பார்கோடைக் காட்டி, பிறகு அது போகவேண்டிய பெரிய அட்டைப்பெட்டியின் பார்கோடைக் காட்டினால், ரெண்டும் பொருந்துகிறதா என்று சொல்லும். பொருந்தினால் ஒரு பீப். பொருந்தாவிட்டால் ரெண்டு பீப். உள்ளே ஓடுவது லினக்ஸ் என்று சென்னை ஆபீஸ்காரர்கள் சொன்னார்கள்.

அந்தக் கூடத்தில் பீப் யாருக்குக் கேட்கும்? ஒரு பக்கம் கம்ப்ரஸர், ஒரு பக்கம் சோல் அமுக்குகிற பிரஸ், நடுவே தையல் மெஷின்கள். இடி விழுந்தால், "யாரு பொட்டிய கீழ போட்டது?" என்று கேட்பார்கள். பிள்ளைகளுக்கான ஷூ போகவேண்டிய பெட்டியில் படகு சைஸ் ஷூக்கள் போய், ஏதோ ஒரு தேசத்தில் ஒரு பள்ளிக்கூடமே ஷூவுக்குள் உட்கார்ந்து துடுப்புப் போட்டதாகக் கம்பெனியில் பேசிக்கொண்டார்கள். ஒவ்வொரு தப்புப் பெட்டிக்கும் பூர்ணிமாவின் மூக்கில் பசை வாடை அடித்தது. "கருவியும் கையில இருக்கு, தப்பும் நடக்குதுன்னா, ஆளை மாத்த வேண்டியதுதான்" என்று க்வாலிட்டி இன்சார்ஜ் நயீம் அகமது ஒருநாள் டீ குடித்துக்கொண்டே சொன்னார்.

அன்றைக்கே அவள் கருவியின் வயிற்றைத் திறந்துவிட்டாள். ஸ்க்ரூ டிரைவரால் இல்லை. பேக்கிங் கம்ப்யூட்டரில் ஒயரை மாட்டி, கறுப்புத் திரையில் ஒவ்வொரு கட்டளையாகத் தட்டி உள்ளே போனாள். லினக்ஸ் கதவைச் சாத்தி வைத்துக்கொள்ளாத வீடு. கேட்கிற விதமாகக் கேட்டால் சமையலறை வரைக்கும் விடும். அங்கே ஒலிகளுக்கென்று ஒரு அறை இருந்தது. அந்த பீப்களை ஓரம் கட்டிவிட்டு வேறு எதை வைப்பது? அந்தக் கூடத்தில் கம்ப்ரஸரையும் தாண்டிக் கேட்கிற சத்தம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

மீனாம்பாள்.

பேஸ்டிங் லைனின் மூத்த ஆள். அவள் குரலைப் பற்றிப் பொய் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. உண்மையே பொய் மாதிரிதான் இருக்கும். அவள் மாதனூரில் நின்று பஸ்ஸைக் கூப்பிட்டால், திருப்பதி போகிற பஸ்ஸும் சேர்ந்து நிற்கும். சாப்பாட்டு வேளையில் பூர்ணிமா அவள் வாய்ப்பக்கம் கருவியை நீட்டினாள்.

"அக்கா, தப்பான பொட்டியில வெச்சா எப்படித் திட்டுவீங்க? ஒரு வரி சொல்லுங்க."

"ஒரு வரிதான?"

"ஒரே வரி."

மீனாம்பாள் ஆரம்பித்தாள். "ஏய், கண்ணு இன்னா பொடனியிலயா கீது?" என்பது முதல் வரி. அதற்குப் பிறகு அவளை நிறுத்த அங்கே யாருக்கும் திராணி இல்லை. பூர்ணிமா சோற்றைத் தின்று, தூக்குச்சட்டியைக் கழுவி, திரும்பி வந்தபோதும் அவள் கருவியைப் பார்த்துப் பேசிக்கொண்டேதான் இருந்தாள். என்ன பேசினாள் என்று பூர்ணிமா முழுதாகக் கேட்டதே இல்லை. கேட்கத் தேவையும் வரவில்லை. தப்பு நடந்தால் முதல் வரி கத்தும், பக்கவாட்டில் இருக்கிற மஞ்சள் பொத்தானை அமுக்கினால் நின்றுவிடும். ஒரு வரியே போதும், பேக்கிங் பெண்கள் மொத்தப் பேரும் கையை எடுத்துவிடுவார்கள்.

தப்புப் பெட்டிகள் நின்றன. கருவிக்குக் 'கிளி' என்று பெயர் விழுந்தது. ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? பூர்ணிமா கிளிக்குத் தமிழ் எழுத்துப் போட்டாள். திரையில் மகள் படத்தை வைத்தாள். சரியாக வைத்தால் "போ போ போ" என்று கொஞ்சுகிற குரல் வைத்தாள். பல்லாங்குழி விளையாட்டுகூட ஒன்று வைத்தாள். முதலாளி முக்தார் அகமது கூடத்துக்கு வருகிற நாளில் மட்டும் ஒலியை அடியோடு குறைத்துவிடுவாள். கம்பெனி சொத்தில் கை வைத்தது தெரிந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பிரஷ் காத்திருக்கிறது.

சென்னையிலிருந்து சூரியபிரகாஷ் ஃபோன் செய்த அன்றைக்குக் கன்டெய்னர் வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தது. அவன் ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். யாரையும் நேரில் பார்த்ததில்லை, எல்லோரையும் அவசரப்படுத்துவான்.

"பூர்ணிமா, சரக்கு வாங்கற புது பையரோட பார்கோடு வேற மாதிரி. இப்ப இருக்கிற சாஃப்ட்வேர் அதைப் படிக்காது. அப்டேட் அனுப்பியிருக்கேன். மத்தியானம் அவங்க இன்ஸ்பெக்‌ஷன் மேடம் வர்றாங்க, அதுக்குள்ள போட்டுடு. முதல்ல ஃபேக்டரி ரீசெட் பண்ணி எல்லாத்தையும் துடைச்சிடு. அப்புறம் அப்டேட். புரிஞ்சிச்சா?"

"புரிஞ்சிச்சு சார்."

புரிந்தது. துடைத்தால் மீனாம்பாள் போய்விடுவாள். மீனாம்பாள் போனால் பீப் வரும். பீப் வந்தால் தப்பு வரும். தப்பு வந்தால் பசை. கணக்கு நேராகத்தான் இருந்தது. துடைக்காமலே போட்டால் என்ன? பழைய சுவருக்கு மேலேயே வெள்ளை அடிப்பதில்லையா?

போட்டாள்.

திரையில் பச்சைக் கோடு நத்தை மாதிரி ஊர்ந்தது. முக்கால்வாசி போனது. நின்றது. அவள் மூச்சும் கூடவே நின்றது. திரை அணைந்தது. மகள் முகம் போனது. கிளி கையில் செத்த கோழி மாதிரி சில்லிட்டுக் கிடந்தது. பிறகு கறுப்பில் வெள்ளையாக, ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி வந்தது.

லாஸ்ட் பூட் ஃபெயில்டு.

கடைசியாகக் கிளம்பப் பார்த்தேன், முடியவில்லை என்று கருவி தன் பாஷையில் சொல்கிறது. கம்ப்யூட்டர் கிளம்புவதற்குப் பெயர் பூட். பூர்ணிமாவுக்கு அது தெரியும். ஆனால் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்ற நயீம் அகமதுவுக்குத் தெரியாது. அவர் முப்பது வருஷமாக ஷூவைத் தவிர வேறெதையும் பார்த்தவர் இல்லை. நெற்றியில் ஏற்றி வைத்திருந்த கண்ணாடியை இறக்கி, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

"லாஸ்ட். பூட். ஃபெயில்டு."

ஷூ கம்பெனியில் லாஸ்ட் என்றால் கடைசி இல்லை. லாஸ்ட் என்பது கால் வடிவத்தில் செய்த பிளாஸ்டிக் அச்சு. அதன் மேல் தோலை இழுத்துப் போர்த்தித்தான் ஷூ பிறக்கும். பூட் என்றால் பூட்தான், அன்றைக்குக் கன்டெய்னரில் ஏறக் காத்திருந்த சரக்கு முழுக்க அதுதான். ஃபெயில்டு என்றால் என்ன என்று அந்தக் கம்பெனியில் குழந்தைகூடச் சொல்லும்.

நயீம் அகமதுவின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கி, அவர் போட்டிருந்த ஷூ வரைக்கும் போனது.

"யா அல்லா. பையர் ஆபீஸ்லேர்ந்து ரிசல்ட் வந்துடுச்சா? மேடம் இன்னும் கேட்டுக்குள்ளயே வரலயே."

"சார், அது வந்து..."

"லாஸ்ட்லதான் கோளாறுன்னே போட்டிருக்கான். மூக்கு கூரா இருக்குன்னு அப்பவே எனக்கு ஒரு சந்தேகம். கன்டெய்னரை ஏத்தாதீங்க. யாரும் ஒண்ணும் ஏத்தாதீங்க."

அவர் ஓடினார். அந்த மனுஷர் ஓடி அதுவரை யாரும் பார்த்ததில்லை. அவர் ஓடுவதைப் பார்த்துப் பாதிப் பேர் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தார்கள்.

உண்மையைச் சொல்ல பூர்ணிமா வாயைத் திறந்தாள். வாய்க்குள் பசை வாடை புகுந்தது. இது பூட்ஸ் இல்லை, கிளியின் பூட் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன? அது ஏன் ஃபெயில் ஆச்சு? நீ அதை என்ன பண்ண? வாயை மூடிக்கொண்டாள். ஊர் தப்பான பயத்தில் ஓடிக்கொண்டிருக்கட்டும், அதற்குள் நான் சரியான பயத்தைச் சரிசெய்துவிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, சூரியபிரகாஷுக்கு ஃபோன் போட்டாள். கூடத்துச் சத்தத்தில் கேட்காதென்று ஸ்பீக்கரில் வைத்தாள். அதுதான் அடுத்த வினை.

"என்னது, லாஸ்ட் பூட் ஃபெயில்டா?" என்று சென்னை கத்தியது. "ஃபேக்டரி ரீசெட் பண்ணியா இல்லியா? ஃபேக்டரி ரீசெட் பண்ணாம எதுவும் ஓடாது."

பக்கத்தில் டேப் ஒட்டிக்கொண்டிருந்த பெண் டேப்பைப் போட்டுவிட்டுப் போனாள். தையல் பகுதிக்குப் போய்ச் சேரும்போது, ஃபேக்டரியை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லி சென்னையிலிருந்து உத்தரவு வந்திருந்தது. கட்டிங் பகுதிக்குப் போனபோது பழைய ஆள் யாரும் வேண்டாம் என்று முடிவாகியிருந்தது. வாசல் டீக்கடைக்குப் போனபோது கம்பெனியை இடித்து, நிலத்தை உழுது, வேர்க்கடலையே விதைத்துவிட்டார்கள். டீக்கடைக்காரர், "தண்ணி எங்கேர்ந்து பாய்ச்சுவாங்க?" என்று கவலைப்பட்டதாகக் கேள்வி.

கம்ப்ரஸரை யாரோ நிறுத்தினார்கள். பிரஸ் நின்றது. தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. அந்தக் கூடம் அப்படி ஓய்ந்து பூர்ணிமா கேட்டதில்லை. தன் நெஞ்சு இழுக்கிற சத்தம் அவளுக்கே கேட்டது.

"உள்ள இடம் பத்தல, அதான் அப்டேட் பாதியில நின்னுடுச்சு" என்றான் சூரியபிரகாஷ். "எக்ஸ்ட்ரா ஏதாச்சும் ஃபைல் போட்டியா நீ?"

"இல்ல சார்."

"அப்ப இடம் எப்படிப் போச்சு? சரி, பவரையும் வால்யூமையும் சேர்த்து அமுக்கிப் பிடி. ரிகவரின்னு வரும். அங்க போய் இடத்தைக் காலி பண்ணிட்டு மறுபடி போடு. அதுவும் வரலன்னா கருவி அவ்ளோதான், செங்கல். கதவு சாத்துறப்ப முட்டுக் குடுக்கலாம்."

அவள் பொத்தான்களில் விரலை வைத்தபோது அப்துல் ஹமீதைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

அப்துல் ஹமீத் அச்சு அறைக்காரர். கம்பெனியின் ஒவ்வொரு லாஸ்ட்டும் அவர் கையைத் தாண்டித்தான் வெளியே வரும். ஒரு காலைப் பார்த்தாலே, அந்த ஆள் சின்ன வயசில் எந்தக் காலில் முள் குத்தி அழுதான் என்று சொல்வார் என்பார்கள். இப்போது அவர் ஒரு கையில் இடது அச்சும் மறு கையில் வலது அச்சும் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் நயீம் அகமது.

"மூணு தடவை அளந்துட்டேன் நயீம். மயிரிழை வித்தியாசம் இல்ல."

"அப்ப இன்னா ஹமீத் பாய், கம்ப்யூட்டர் பொய் சொல்லுதா? லாஸ்ட்டுன்னு பேரைச் சொல்லிப் போட்டிருக்கான். முதலாளி வந்தா நான் இன்னா சொல்றது?"

"சொல்லு, ஹமீதுக்குக் கண்ணு போய்டுச்சுன்னு சொல்லு." அவர் சத்தம் போடவில்லை. ரெண்டு அச்சுகளையும் ஜோடியாக, பாதம் தரையில் படுகிற மாதிரி மேஜை மேல் வைத்தார். இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரன் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். அவசரமாக இழுத்ததில் முடிச்சு இறுகிக்கொண்டது. "அவிழ மாட்டேங்குது பாரு, சனியன்" என்றார் மெல்லமாக.

பூர்ணிமாவால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. பசை வாடை மூக்கு வரை ஏறி நின்றது. அந்த வாடையோடேயே பேசினாள்.

"ஹமீத் பாய் லாஸ்ட்ல ஒரு தப்பும் இல்ல சார். அது நம்ம பூட் இல்ல. கிளியோட பூட்."

நயீம் அகமது அவளைப் பார்த்தார். "கிளிக்கு ஏதும்மா பூட்டு?"

"பூட்டு இல்ல சார், பூட். கருவி கிளம்புறதுக்குப் பேரு பூட். லாஸ்ட்டுன்னா கடைசி. கடைசியா கிளம்பப் பாத்துச்சு, கிளம்பல. அவ்ளோதான் அதுல போட்டிருக்கு."

"அப்ப சாவி யார்கிட்ட இருக்கு?" என்றாள் டேப் ஒட்டுகிற பெண்.

"பூட்டே இல்லங்கறேன், சாவிக்கு எங்க போறது?"

புரிய வெகுநேரம் பிடித்தது. முதலில் புரிந்துகொண்டவர் அப்துல் ஹமீத். முடிச்சிலிருந்து கையை எடுத்துவிட்டு அச்சுகளை மறுபடி தூக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டார். "அப்ப என் லாஸ்ட் பாஸ். என் பூட்டும் பாஸ். ஃபெயில் ஆனது உன் கிளி" என்றார். "கிளி ஏன் கிளம்பலயாம்?"

அந்தக் கேள்வி வந்துவிட்டது. எங்கே சுற்றினாலும் அது இங்கேதான் வந்து நிற்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"நான் அதுக்குள்ள சிலதை வெச்சிருந்தேன். அது இடத்தை அடைச்சிடுச்சு."

நயீம் அகமதுவின் முகத்துக்கு ரத்தம் திரும்ப வந்தது. தேவைக்கு ஜாஸ்தியாகவே வந்தது. "கன்டெய்னரை நிறுத்தினேன். லைனும் நின்னுடுச்சு. முதலாளிக்கு ஃபோன் பண்ணிட்டேன், மேடத்தோட வந்துக்கினு இருக்கார். அவங்க உள்ள வர்றதுக்குள்ள இது பேசணும். பேசலன்னா நாளைக்கு உன் இடம் மீனாம்பாள் பக்கத்துல. பிரஷ் நானே எடுத்துக் குடுப்பேன்."

வாசலில் கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்‌ஷன் வருகிற நாளில் மட்டும் போடுகிற பெரிய எக்ஸாஸ்ட் ஃபேனை யாரோ ஓடிப்போய்ப் போட்டார்கள். பேஸ்டிங் லைன் பக்கம் அது கொர்ரென்று உயிர் பிடித்தது.

பூர்ணிமா ரெண்டு பொத்தானையும் அமுக்கிப் பிடித்தாள். ரிகவரி வந்தது. விரல் வியர்த்து வழுக்கியது. தமிழ் எழுத்தை அழித்தாள். பல்லாங்குழியை அழித்தாள். மகள் படத்தை, மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அழித்தாள். "போ போ போ"வை அழித்தாள். எல்லாம் தூசு. மலை மாதிரி ஒன்று மட்டும் உட்கார்ந்திருந்தது. மீனாம்பாள். இப்படி எவ்வளவு நேரம்தான் பேசினாள் அந்தப் புண்ணியவதி? ஊருக்கு மொத்தமாகத் திட்டுச் சப்ளை செய்கிற கிடங்கு மாதிரி அந்த ஒரே ஃபைல் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

விரல் அதன் மேல் நின்றது. அழித்தால் பழைய பீப். திரையில் மிச்சமிருந்த இடத்தைப் பார்த்தாள். மற்றதை அழித்ததில் அப்டேட்டுக்கு மயிரிழையில் இடம் கிடைத்திருந்தது. முதலாளி வருகிற நாள் என்று ஒலியைத்தான் காலையிலேயே குறைத்து வைத்தோமே, வாயைத் திறந்தாலும் யாருக்குக் கேட்கப் போகிறது என்று நினைத்தாள். விரலை எடுத்துக்கொண்டாள்.

பச்சைக் கோடு ஊர்ந்தது. முக்கால்வாசி வந்தது. நின்ற இடத்தைத் தாண்டியது. கிளி கண் விழித்தது.

"எல்லாத்தையும் எடுத்துட்டியா?" என்றார் நயீம் அகமது பல்லுக்கிடையில்.

"எடுத்துட்டேன் சார்."

முதலாளி முக்தார் அகமதுவும் இன்ஸ்பெக்டர் சோபனா மேடமும் உள்ளே வந்தார்கள். மேடத்துக்கு முகத்தில் சிரிப்பும் கிடையாது, கோபமும் கிடையாது. அதைவிட பயங்கரமான முகம் உலகத்தில் இல்லை. நின்றுபோன லைனைப் பார்த்தார். நேராக பேக்கிங் மேஜைக்கு வந்து ஒரு ஷூ டப்பாவை எடுத்தார். வேண்டுமென்றே வேறு சைஸ் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். கையை நீட்டினார்.

"அதைக் குடுங்க. நானே பார்க்கறேன்."

பூர்ணிமா கொடுத்தாள். கொடுக்கும்போதுதான் திரையின் மூலையைப் பார்த்தாள். அப்டேட் ஃபைல்களை விட்டுவிட்டு செட்டிங் எல்லாவற்றையும் புதுசாக்கியிருந்தது. ஒலி அளவையும்தான். கோடு கடைசி வரைக்கும் நிரம்பியிருந்தது. மஞ்சள் பொத்தான் மேடத்தின் கைக்குள் இருந்தது. பிடுங்கவா முடியும்?

மேடம் டப்பாவைக் காட்டினார். பெட்டியைக் காட்டினார்.

"ஏய், கண்ணு இன்னா பொடனியிலயா கீது?"

மெஷின் எல்லாம் அடங்கிக் கிடந்த கூடத்தில் அந்தக் குரல் புறப்பட்டது. பாலாற்றில் தண்ணீர் வந்திருந்தால் திரும்பிப் போயிருக்கும். முதலாளி ரெண்டு அடி பின்னால் வைத்தார். மேடம் கருவியைக் கீழே போடவில்லை, அது அவர் தைரியம். ஆனால் நிறுத்தவும் தெரியவில்லை. முதல் வரி முடிந்தது. பூர்ணிமாவே இதுவரை கேட்டிராத ரெண்டாவது வரி ஆரம்பித்தது.

"ஊட்ல உப்பு டப்பாவுல சக்கரையக் கொட்டி வெப்பியா? அந்த நயீமு, கண்ணாடிய நெத்தியில வெச்சிக்கினு ஊரெல்லாம் கண்ணாடி தேடுவான், அவன்தான் உனுக்கு வாத்தியாரா? உன்னைச் சொல்லிக் குத்தமில்லடி. இந்தப் பசை வாடையில மூளை எங்க வேலை செய்யும்? வெளியேர்ந்து ஆளு வந்தா மட்டும் அந்தப் பெரிய ஃபேன் சுத்தும். ஆளு கார்ல ஏறினா ஃபேனும் கூடவே ஏறிக்கும். நாங்க மூச்சு வுடுறதுக்கு இன்னா, வாரம் ஒருக்கா விருந்தாளியக் கூப்டணுமா? அந்தப் புள்ள பூர்ணிமா நெஞ்சு இழுத்துக்கினு போனதே, எவனாச்சும் கேட்டானா?"

அதற்கப்புறம் கேன்டீன் சாம்பாருக்குப் போனது. பஸ் டிரைவருக்குப் போனது. பூர்ணிமாவுக்கு எதுவும் கேட்கவில்லை. நயீம் அகமது நெற்றியிலிருந்து கண்ணாடியை எடுத்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். கடைசியில் அவள்தான், மேடத்தின் கை மேலேயே கையை வைத்து, மஞ்சள் பொத்தானை அமுக்கினாள்.

எக்ஸாஸ்ட் ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் இருந்தது.

"இது யார் குரல்?" என்றார் மேடம்.

தூரத்தில் பேஸ்டிங் லைனில் ஒருத்தி பிரஷ்ஷோடு எழுந்து நின்றாள். "என்னுதுதான். நல்லா கேட்டுச்சா?"

மேடம் அந்தப் பக்கம் நடந்தார். முதலாளி பின்னால் போனார். பூர்ணிமா மேஜையருகிலேயே நின்றுவிட்டாள். மேடம் ஃபேனுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"இது தினமும் ஓடுதா சார்?"

முக்தார் அகமது நல்ல மனுஷர்தான். கரண்ட் பில் வரும்போது மட்டும் கொஞ்சம் கம்மி நல்லவர். அவர் மீனாம்பாளைப் பார்த்தார். கூடத்தைப் பார்த்தார். கூடம் மொத்தமும் அவர் வாயைப் பார்த்தது.

"ஓடும் மேடம்" என்றார். "இன்னிலேர்ந்து."

"நான் சொல்லாம வந்து பார்ப்பேன்" என்றார் மேடம். பிறகு மேஜைக்குத் திரும்பி வந்து பூட்ஸைப் பார்த்தார். பூட்ஸில் குறை இல்லை. போகும்போது, "மத்த இடத்துல தப்பான பெட்டியக் காட்டினா பீப் அடிக்கும், யாரும் திரும்ப மாட்டாங்க. இங்க எனக்கே டப்பாவைக் கீழ வெச்சிடலாம்னு தோணிச்சு" என்றார். அது பாராட்டா இல்லையா என்று நயீம் அகமது பிறகு பல நாள் யோசித்தார்.

கன்டெய்னர் கிளம்பியது. பூர்ணிமாவின் பயம் கிளம்பவில்லை. முதலாளி அவளைப் பேஸ்டிங்குக்கு அனுப்பவில்லை. மேடம் சொல்லாமல் வந்து, அந்த நெஞ்சு இழுக்கிற பூர்ணிமா எங்கே என்று கேட்டால் என்ன செய்வது? அதற்குப் பதில் வேறு தண்டனை கொடுத்தார். மீனாம்பாளை எடுத்துவிட்டு, தன் குரலைக் கிளியில் வைக்கச் சொன்னார்.

"அன்பார்ந்த தொழிலாளர்களே, தயவுசெய்து பெட்டியைச் சரிபார்க்கவும்" என்று கிளி மரியாதையாகச் சொன்னது. சொன்னதா என்று யாருக்குத் தெரியும்? இப்போது கம்ப்ரஸரோடு எக்ஸாஸ்ட் ஃபேனும் நாள் முழுக்க உறுமியது. கல்யாணப் பத்திரிகை வாசிக்கிற அந்தக் குரல் அதற்குள் எங்கே போனதென்றே தெரியவில்லை. படகு சைஸ் ஷூக்கள் மறுபடி பிள்ளைகளின் பெட்டியில் ஏற ஆரம்பித்தன. நயீம் அகமது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு வந்தார்.

"அந்தப் பழைய குரலைப் போட்டுடும்மா. முதல் வரி மட்டும்."

"அது பத்தாது சார். ஃபேன் சத்தத்துல அமுங்கிடும். அக்காவைப் புதுசா பதியணும். இன்னும் சத்தமா. ஃபேனுக்குக் கீழயே நின்னு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது.

அன்று மத்தியானம் பூர்ணிமா கிளியைக் கையில் பிடித்துக்கொண்டு பேஸ்டிங் லைன் எல்லையில், தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கிற இடத்தில் நின்றாள். வாடை கம்மிதான். ஃபேன் இழுத்துக்கொண்டு போகிறது. ஆனால் நெஞ்சுக்கு அதை யார் சொல்வது? அது கோட்டைப் பார்த்ததுமே சுருங்கிக்கொண்டது. குளத்தில் முங்குகிற மாதிரி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், மீனாம்பாளின் வாய்ப்பக்கம் கிளியை நீட்டினாள். வாயைத் திறக்க முடியாததால் ஒற்றை விரலைக் காட்டினாள். ஒரே வரி.

"தெரியும்டி, தெரியும். ஒரே வரி" என்று மீனாம்பாள் பிரஷ்ஷை வைத்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்து, தொண்டையைச் செருமினாள்.

ஆரம்பித்தாள்.

பூர்ணிமா மூச்சை அடக்கிக்கொண்டு, மஞ்சள் பொத்தானில் விரலை வைத்து, முற்றுப்புள்ளி வருமா என்று மீனாம்பாளின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.